தண்டவாளத்து மாமா பதில்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கெமாஸ்–ஜொகூர் பாரு இரட்டைத் தண்டவாளத்தைப் பற்றியவை. மீதி, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி. மாப்பிள்ளைகள் அடுத்த வாரம் வருவார்கள். ரயிலே வந்துவிட்டது, அவர்கள் வரமாட்டார்களா?

‘பொறுமைசாலி’, பெக்கோக்: மாமா, இரட்டைத் தண்டவாள வேலை முடிந்ததா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஓடுகிறது. இரண்டாவது வார்த்தைக்கும் அனுமதி உண்டென்றால்: தாமதமாக. மின்சார வண்டி 2025 மார்ச் 15இல் செகாமாட் வந்தது, ஆகஸ்ட் 30இல் குளுவாங் வந்தது, டிசம்பர் 12இல் ஜொகூர் பாருவைத் தொட்டது. நம் மாநிலத்தைத் தவணை முறையில் வாங்கியிருக்கிறார்கள்.

‘கிராணி மகன்’, லாபிஸ்: செலவு எவ்வளவு?

ஒப்பந்தத்தில் போட்டது 890 கோடி வெள்ளி. நீளம் ஏறக்குறைய 192 கிலோமீட்டர். வகுத்துப் பாரும், மீட்டருக்கு நாற்பத்தாறாயிரம் வெள்ளி. அதாவது ஓர் எட்டு வைத்தால் ஒரு மைவி கார். பிளாட்பாரத்தில் நடக்கும்போது கொஞ்சம் மரியாதையாக நடக்கவும்.

‘காலண்டர்’, குளுவாங்: முதலில் எப்போது முடிப்பதாகச் சொன்னார்கள்?

2018இல் வேலை தொடங்கியபோது நாலு வருஷம் போதும் என்ற பேச்சு. நடுவில் கொரோனா வந்து கதவைச் சாத்தியது. பிரதமர் நாற்காலியில் நஜிப்பில் தொடங்கி அன்வார் வரை ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் நாட்டில் தடம் மாறாமல் இருந்தது தண்டவாளம் ஒன்றுதான். அதையும் தற்காலிகமாக இரண்டு மூன்று இடத்தில் தள்ளிப் போட்டார்கள்.

‘விழுக்காட்டு வீரன்’, ரெங்கம்: தொண்ணூற்றெட்டு விழுக்காடு முடிந்தது என்று வருஷக்கணக்கில் சொன்னார்களே, அந்த இரண்டு விழுக்காடு எங்கே ஒளிந்திருந்தது?

நல்ல கேள்வி தம்பி. கட்டுமானத்தில் விழுக்காடு என்பது பெரும்பாலும் பணத்தின் எடை. மண் நிரப்புவது, பாலம் கட்டுவது, ஸ்டேசன் எழுப்புவது எல்லாம் விலை கூடிய வேலை, அதனால் எண் மடமடவென்று ஏறும். கடைசியில் மிஞ்சுவது சிக்னல் சோதனை, மின்கம்பிச் சோதனை, பயணி இல்லாத வண்டியை இரவும் பகலும் ஓட்டிப் பார்ப்பது, பாதுகாப்புச் சான்று வாங்குவது.

அதற்குச் செலவு கொஞ்சம், நாள் நிறைய. எனவே 98இல் வந்து எண் குந்திக்கொள்ளும். வண்டி இருப்பதென்னவோ அந்த இரண்டு விழுக்காட்டுக்குள்தான்.

‘ஒத்தையடிப் பாதை’, பாலோ: ஒரு தண்டவாளம் போதாதா? எங்கள் தாத்தா காலத்தில் அதிலேதானே எல்லாரும் போனார்கள்?

போனார்கள். வந்தவர்களுக்கு வழி விட்டுத்தான் போனார்கள். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி தாண்டும்வரை ஏதாவது ஒரு ஸ்டேசனில் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் ஸ்டேசன் மாஸ்டர் பிரம்பு வளையத்தில் மாட்டிய டோக்கனைக் கொடுத்தால்தான் டிரைவருக்கு அடுத்த ஸ்டேசன் வரை பாதை சொந்தம். எதிர்வண்டி அரைமணி தாமதம் என்றால் உங்கள் வண்டியும் அரைமணி தாமதம். இப்போது இரண்டு பாதை. அவரவர் தாமதம் அவரவருக்கு.

‘பிளாட்டினம்’, பெக்கோக்: புது ஸ்டேசனில் லிஃப்ட் இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, கழிவறைகூட மணக்கிறது. எல்லா வண்டியும் நிற்குமா மாமா?

இது கேள்வி! மற்றவர்கள் எல்லாரும் பாதை எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்க, நீர் ஒருவர்தான் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டீர்.

விரைவு வண்டி என்றாலே சின்ன ஊரைத் தாண்டிப் போவதற்கு மரியாதையான பெயர். பிளாட்டினம் என்று எழுதியிருந்தால் நிறுத்தம் குறைவு, கோல்டு என்றால் கூடுதல். டிக்கெட் எடுக்கும்போது வண்டியின் பெயரைப் பார்க்காதீர், நிற்கும் ஊர்களின் பட்டியலைப் பாரும். அதில் நம் ஊர் இல்லையென்றால் பிளாட்டினம் கண்ணில் மட்டும் படும்.

அதே ஆள், அதே ஊர்: நின்றால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

ஒரு நிறுத்தம் என்றால் வேகம் குறைக்க, கதவு திறக்க, மூட, மறுபடி வேகம் எடுக்க என்று நேரம் போகும், ஏழெட்டு ஊரில் நின்றால் அரைமணி போய்விடும். கோலாலம்பூரில் ஏறி ஜொகூர் பாரு போகிறவர் அந்த அரைமணியைக் கணக்குப் பார்ப்பார். பாட்டி ஒருத்தி குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரு நிமிட நிறுத்தம்தான் வேண்டும். இரண்டு பேர் கணக்கும் சரி. ஆனால் வண்டி அட்டவணை போடுகிறவர் பாட்டியோடு சேர்ந்து பயணம் செய்ததில்லை.

‘வரலாற்றுப் பைத்தியம்’, சாஆ: முதல் தண்டவாளத்தை இந்தப் பக்கம் போட எத்தனை வருஷம் ஆனது?

ஜொகூர் அரசு ரயில்வேக்கு 1904இல் ஒப்பந்தம், 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வண்டி. ஐந்தே வருஷம். அன்றைக்கு நிலவழக்கு கிடையாது, சுற்றுச்சூழல் அறிக்கை கிடையாது, ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் தொல்லையும் கிடையாது. மலேரியா மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அந்த வேகத்தைப் புகழ்கிறவர்கள், கொசுக்கடி யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

‘அவசரக்காரன்’, கூலாய்: சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடித்த ரயில்பாதை உலகத்தில் ஏதாவது உண்டா?

உண்டு. சயாம்–பர்மா மரண ரயில். 415 கிலோமீட்டர். அஞ்சு வருஷம் ஆகும் என்று வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கைவிட்ட பாதையை, ஜப்பான்காரன் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தான். தண்டவாளத்தில் ஒரு பங்கு நம் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்தது. ஆள், நம் தோட்டத்து லயங்களிலிருந்து லாரியில் ஏற்றியது. திரும்பி வராதவர்கள் பல்லாயிரம்.

தாமதத்தைத் திட்டுங்கள் தம்பி, நானும் சேர்ந்து திட்டுகிறேன். வேகத்துக்கு மட்டும் மாலை போடாதீர்கள்.

‘தலையாட்டி’, பத்து அன்னம்: செகாமாட்டில் நிலம் நடுங்கியதே, ரயில் வேலைதான் காரணம் என்று கடைத்தெருவில் பேசுகிறார்களே?

2025 ஆகஸ்ட் 24, காலை ஆறு மணி சுமாருக்கு 4.1 அளவில் ஓர் ஆட்டம். குளுவாங்குக்கு மின்சார வண்டி வந்தது அதற்கு ஆறு நாள் கழித்து. கடைத்தெருவுக்கு இது போதாதா?

பூமிக்கு அடியில் உறங்கிக்கிடந்த பழைய பிளவுகள் அசைந்தால் இப்படி ஆகும். அதோடு, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஒரே நொடியில் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. இதிலிருந்தே தெரியவில்லையா, அது குத்தகைக்காரர் வேலை அல்ல என்று?

‘குலைவெட்டி’, லாபிஸ்: எங்கள் செம்பனைத் தோட்ட ஓரமாகத்தான் புதுப் பாதை போகிறது. ஏதும் கவனிக்க வேண்டுமா மாமா?

இதற்கு வேடிக்கையாகப் பதில் சொல்லமாட்டேன். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். நீர் குலை வெட்டும் அலுமினியக் கம்பு இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் நீளும், மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். கம்பியைத் தொடக்கூட வேண்டாம், கிட்டப் போனாலே மின்சாரம் தாவும். கம்பை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு தண்டவாள ஓரம் நடக்காதீர். படுக்க வைத்துத் தூக்கிப் போம்.

தூண்டில்காரர்களுக்கும் பட்டம் விடும் பிள்ளைகளுக்கும் இதையே படித்துக் காட்டவும்.

‘மோட்டார் மணி’, சமெக்: லெவல் கிராசிங்கை மூடி மேம்பாலம் கட்டிவிட்டார்கள். கடைக்குப் போக ஐந்து நிமிடம் சுற்றல். நியாயமா?

140 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 39 மீட்டர். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேண்டும். நீர் மோட்டாரை உருட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டும் மூன்று நொடியில் அது நூறு மீட்டருக்கு மேல் வந்துவிடும். சுற்றிப் போனால் ஐந்து நிமிடம் தாமதம். குறுக்கே போனால் அதற்கப்புறம் நீர் எதற்கும் தாமதமாக வரமாட்டீர்.

‘செம்பு’, கெம்பாஸ்: சிக்னல் கோளாறு, வண்டி தாமதம் என்கிறார்கள். அடிக்கடி காரணம் கேபிள் திருட்டாமே?

ஆமாம், இந்த நாட்டு ரயிலுக்கு அது பழைய வியாதி. செம்பு விலை ஏறினால் சிக்னல் இறங்கும். ராத்திரியில் வெட்டுகிறான், விடிவதற்குள் கிளம்பிவிடுகிறான். அவனைப் பிடித்தால் தண்டிக்க வேண்டாம், அடுத்த திட்டத்துக்கு மேலாளராகப் போடுங்கள்.

‘தாய்நாடு’, ஜொகூர் பாரு: சீனாக்காரன் கட்டினான் என்கிறார்கள், இந்தியாக்காரன் கட்டினான் என்கிறார்கள். யார்தான் கட்டியது?

இரண்டு பேரும். சிரம்பான்–கெமாஸ் 98 கிலோமீட்டரைக் கட்டியது இந்திய அரசின் இர்கான், 2013இல் முடித்தார்கள். கெமாஸுக்குத் தெற்கே சீனாவின் மூன்று பெரிய நிறுவனங்கள் கூட்டு, உள்ளூரில் எஸ்.ஐ.பி.பி., ஒய்.டி.எல். கூட்டு. ஆக, கெமாஸைத் தாண்டும்போது இமயமலையைத் தாண்டுகிறீர்கள். பாஸ்போர்ட் தேவையில்லை.

‘எண்ணெய்ச் செட்டி’, யோங் பெங்: ரயில் பாதைக்குப் பாமாயில் கொடுத்துக் கணக்குத் தீர்க்கப் பார்த்தார்களாமே, கதையா நிஜமா?

நிஜம். 2000களின் தொடக்கத்தில் இரட்டைப் பாதைக்கு இந்திய, சீன நிறுவனங்களோடு பேசியபோது, விலையில் ஒரு பங்கைப் பாமாயிலாகக் கொடுக்கும் யோசனை இருந்தது. நாம் எண்ணெய் கொடுப்போம், அவர்கள் தண்டவாளம் கொடுப்பார்கள். பேச்சு வழியிலேயே வழுக்கி விழுந்துவிட்டது. எண்ணெய் அல்லவா!

‘கெமாஸ் கைதி’, தங்காக்: கெமாஸில் இறங்கி ஏறிய காலத்தை இனி மறந்துவிடலாமா?

தாராளமாக. 2015 அக்டோபரில் மின்சார வண்டி கெமாஸ் வந்து, அங்கேயே பத்து வருஷம் பாய் விரித்துப் படுத்துவிட்டது. தெற்கே போகிறவர் பெட்டியையும் பிள்ளையையும் இறக்கி டீசல் வண்டிக்கு மாற்ற வேண்டும். பெட்டியை மறந்தவர் உண்டு. பிள்ளையை மறந்தவர் எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் இடைவேளை கிடைத்ததில் மாமியாரை மறக்க முயன்ற ஒருவரைத் தெரியும்.

இப்போது தலைநகரிலிருந்து ஜொகூர் பாரு நாலேகால் மணிக்குக் கொஞ்சம் கூட.

‘காப்பி’, குளுவாங்: புது ஸ்டேசன் வந்தபிறகு எங்கள் ரயில் காப்பி என்னாகும்?

1938இலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் தங்கச்சி. நீராவி வண்டி போனது, டீசல் வந்தது, இப்போது மின்சாரமும் வந்துவிட்டது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டிக்குள் வெண்ணெய் உருகுவதும், காயா விரலில் ஒட்டுவதும், சின்னப் பொட்டலத்தில் நாசி லெமாக் அடுக்கி வைத்திருப்பதும் இன்ஜின் எது என்று பார்த்து நடப்பதில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு வண்டி தாமதம், காப்பிக்கு நேரம் கிடைத்தது. வண்டி நேரத்துக்கு வந்தால் இரண்டாவது கோப்பைக்கு யார் உட்காருவார்? கடைக்காரர் ரயில்வேக்கு எழுதிக் கொஞ்சம் தாமதம் கேட்கலாம். அந்த விண்ணப்பம் மட்டும் உடனே தேறும்.

‘மதுரைக்காரன்’, பாசிர் கூடாங்: நம்மூர் தமிழ்நாட்டில் மீட்டர் கேஜைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இங்கே இன்னும் அதில்தான் ஓட்டுகிறார்களாமே?

ஆமாம், அதே ஒரு மீட்டர் அகலம்தான். இந்தியா 1992இல் எல்லாப் பாதையையும் அகலமாக்கக் கிளம்பியது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார வண்டி 1931இல் பிறந்து 2004இல் கண்ணை மூடியது. இங்கே அதே ஒல்லித் தண்டவாளத்தில் 140இல் பறக்கிறது. உடம்பு ஒல்லியானால் ஓட முடியாது என்று யார் சொன்னது? என்னைப் பார்த்தால் நடக்கவே முடியாது என்பீர்கள், அது வேறு கதை.

‘டிராம் ரசிகை’, பெக்கோக்: நம் ஊருக்கு டிராம் வருமா மாமா?

வரலாம் அம்மா. முதல் நிறுத்தத்தில் கிளம்பி மணி அடிப்பதற்குள் ஊர் முடிந்துவிடும். திரும்பி வர இடம் வேண்டுமென்றால் லாபிஸில்தான் திருப்ப வேண்டும்.

‘டிராம் ரசிகையின் தம்பி’, பெக்கோக்: அக்காவைக் கிண்டல் செய்யாதீர்கள். மலாயாவில் டிராம் ஓடியதே இல்லையா?

ரோஷம் நல்லது. பினாங்கில் 1906இலிருந்து மின்சார டிராம் ஓடியது, 1936இல் நிறுத்தினார்கள். சிங்கப்பூரில் 1905இலிருந்து 1927 வரை. பினாங்கு சூலியா வீதி முனையில் சாலையைத் தோண்டியபோது பழைய டிராம் தண்டவாளம் தலை நீட்டியது. அதைப் பார்வைக்கு வைத்துவிட்டார்கள். இன்றைக்குப் போடும் தண்டவாளமும் ஒருநாள் இப்படித்தான் கண்ணாடிக்குள் போகும். அதற்குள் ஒரு தடவை ஏறிவிடச் சொல் உன் அக்காவை.

‘மெட்ராஸ் மருமகன்’, ஸ்கூடாய்: மாமனார், மெட்ராஸில் டிராமில் போன கதையைத் தினமும் சொல்கிறார். நம்பலாமா?

வயதைக் கேளும். மெட்ராஸ் டிராம் 1895 மேயில் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. கல்கத்தாவுக்கு மின்சார டிராம் வந்ததே 1902இல்தான். கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் மூடினார்கள். மாமனார் எண்பதைத் தாண்டியவர் என்றால் கதை உண்மை. அறுபது என்றால் அவர் சொல்லும் மற்ற கதைகளையும், குறிப்பாகச் சீர்வரிசைக் கணக்கை, ஒருமுறை சரிபார்க்கவும்.

‘நீட்டல் அளவை’, செனாய்: பாதை நீட்டிப்பு என்றாலே இழுவைதானா? வெளிநாட்டில் ஒழுங்காகச் செய்கிறார்களே?

எடின்பரோ போய் வாரும். 2008இல் சாலையைத் தோண்டினார்கள். 2014இல் டிராம் ஓடியது, கடற்கரை வரை போக வேண்டியது நடு ஊரோடு நின்றது. செலவு 77.6 கோடி பவுண்டு. ஏன் இப்படி ஆயிற்று என்று அந்த வருஷமே விசாரணை போட்டார்கள். விட்டுப்போன நீட்டிப்புப் பாதையைக் கட்டி 2023 ஜூனில் வண்டியே ஓட்டிவிட்டார்கள். விசாரணை அறிக்கை வந்தது செப்டம்பரில். தாமதமான டிராம், தாமதம் பற்றிய விசாரணையை மூன்று மாதத்தில் முந்தியது.

‘வேளச்சேரி அத்தை வீடு’, தாமான் யுனிவர்சிட்டி: சென்னையில் எங்கள் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் பறக்கும் ரயிலை நீட்டும் வேலை நடக்கிறது என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே சொன்னார்கள்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை. ஐந்து கிலோமீட்டர். 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு வந்து வருஷக்கணக்கில் நின்றது. நாலரைக் கிலோமீட்டர் பாலம் தயாராக ஆகாயத்தில் காத்துக்கொண்டிருந்தது. பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தவருக்கே தெரியவில்லை, இறங்குவதற்கு இடம் வேண்டும் என்று.

‘புத்ராஜெயா மாப்பிள்ளை’, குளுவாங்: அங்கே ஓர் அழகான தொங்குபாலம் இருக்கிறது, அதில் யாருமே போவதில்லை. என்ன அது?

மோனோரயிலுக்காகக் கட்டிய பாலம் தம்பி. 2004இல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள், பாலம் மட்டும் நிற்கிறது. நாட்டிலேயே ஒரு விபத்தும் நடக்காத ரயில் பாலம் அதுதான்.

‘மின்னல்’, மூவார்: கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் எந்த நிலையில் இருக்கிறது? எங்கள் ஊர் வழியாக வரும் என்றார்கள்.

2020 டிசம்பர் 31ஆம் தேதி ஒப்பந்தம் காலாவதி ஆனது. சிங்கப்பூருக்கு நாம் கொடுத்த இழப்பீடு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. ஓடாத வண்டிக்கு இவ்வளவு டிக்கெட் காசு கொடுத்த பயணி உலகத்தில் நாம் ஒருவர்தான். மறுபடி பேசுகிறார்கள். பேச்சு அதிவேகம்தான்.

‘பாலத்தில் பாதி ஆயுள்’, ஜொகூர் பாரு: தினமும் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறேன். ஆர்.டி.எஸ். வந்தால் விடிவா?

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த். நாலே கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு பக்கத்துக்கு மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை. இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடியும், இறங்கியதும் நடையைக் கட்டலாம். 2026 கடைசி என்பது இலக்கு.

ஐந்து நிமிடப் பயணம் சரி. புக்கிட் சாகார் வாசல் வரை வந்து சேர, உம் தாமானிலிருந்து எத்தனை நிமிடம் என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. நாலு கிலோமீட்டர் ரயிலுக்கு நாற்பது நிமிட ஜாம் சீதனம்.

அதே வாசகர்: அப்படியானால் இப்போது அக்கரைக்கு ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில்?

2015 ஜூலையிலிருந்து ஓடுகிறது. புது வண்டி வந்தபிறகு ஆறு மாதத்துக்குள் நிறுத்துவதென்று ஏற்பாடு. டிக்கெட் கிடைக்காமல் திட்டியவர்களே கடைசி நாளில் வந்து கண்ணீரோடு படம் பிடிப்பார்கள், பாரும்.

‘வெளியே சொல்லாதீங்க’, கூலாய்: சுல்தான் நிஜமாகவே ரயில் ஓட்டினாரா?

வெளியே சொல்ல வேண்டியதுதான் இது. 2011 ஜூன் 30 இரவு, சிங்கப்பூர் தஞ்சோங் பாகாரிலிருந்து கிளம்பிய கடைசி வண்டியை ஓட்டி வந்தவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், இன்றைய மாமன்னர். 1923இல் ஜொகூர்–சிங்கப்பூர் பாலத்தின் மேல் ரயில் போகத் தொடங்கியபோது அரியணையில் இருந்தவர் அதே பெயர் கொண்ட அவருடைய கொள்ளுத்தாத்தா. கொள்ளுத்தாத்தா காலத்தில் உள்ளே போன ரயிலைக் கொள்ளுப்பேரன் வெளியே ஓட்டி வந்தார்.

எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய சைக்கிளை இன்னும் யாரும் வெளியே எடுக்கவில்லை.

‘ஸ்டேசன் மாஸ்டர் பேரன்’, பிரிக்பீல்ட்ஸ்: எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேசன் மாஸ்டராக இருந்தார். உங்கள் பத்தியில் எங்களுக்கு இடமில்லையா?

முன் வரிசையிலேயே உண்டு ஐயா. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை நாட்டின் முதல் பாதை போட்டபோதே இலங்கையிலிருந்து பயனியர் படையை வரவழைத்தார்கள். பிறகு எழுத்தர், ஸ்டேசன் மாஸ்டர் என்று யாழ்ப்பாணத்தவர் நாற்காலி நிறைந்தது. வெயிலில் சல்லிக்கல் இடித்துப் பாதையைச் சீர்பார்த்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கொடி காட்டியவரும் தமிழர், கொடியைப் பார்த்து ஒதுங்கியவரும் தமிழர். சம்பளப் புத்தகத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் வரவில்லை.

‘காட்டுவாசி’, கிள்ளான்: ரயிலில் பெக்கோக் வந்து எண்டாவ்–ரொம்பின் காடு பார்க்கலாமா?

வரலாம். செலாய் வாசலுக்கு நம் ஊர்தான் வழி. தக்கா திங்கி அருவி, அதைச் சுற்றி இன்னும் சில, நடுவில் பூர்வகுடிக் கிராமங்கள். ஆனால் மின்சார வண்டி உம்மைக் குளுகுளுவென்று ஸ்டேசனில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மண்பாதைக்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் வந்தவர்கள் பிளாட்பாரத்துக் கொசுவை மட்டும் பார்த்துவிட்டு, காட்டைப் பார்த்ததாகச் சமூக ஊடகத்தில் எழுதுகிறார்கள்.

குடும்பத்தோடு குளிக்க மட்டும் என்றால் சுங்கை பந்தாங் போதும்.

‘தீபாவளி வேட்டி’, ரவாங்: தீபாவளிக்கு ஊருக்கு வர டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்கும், போன மாதம் கேட்டிருந்தால். விற்பனை திறக்கும் நாளில் கே.டி.எம்.பி. செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும். முறுக்கு மாவு பிசைந்த கையோடு தொடாதீர், திரை கேட்காது. நாட்டில் உண்மையான அதிவேக ரயில் அன்றைக்குத்தான் ஓடுகிறது. இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும்.

‘தூங்குமூஞ்சி’, லாயாங்-லாயாங்: மின்சார வண்டி சத்தமே போடுவதில்லை. பழைய வண்டியின் ஊதல் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். இப்போது வேலைக்குத் தாமதம்.

நூற்றுப்பத்து வருஷத்துக்கும் மேல் ரயிலால் மற்றவர்கள் தாமதமானார்கள். ரயில் நேரத்துக்கு வருவதால் தாமதமான முதல் ஆள் நீர்தான். உம் முதலாளியிடம் இந்தப் பத்தியைக் காட்டும். சேவல் வாங்கும் செலவு மிச்சம்.

‘வெள்ளக்காடு’, செகாமாட்: 2023 மார்ச்சில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. இந்தப் பாதைக்கு ஏற்றிய மண்மேடுதான் தண்ணீரைத் தடுக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

மேடு போட்டால் அடியில் தண்ணீர் போக மதகு வைக்க வேண்டும். வைத்திருப்பார்கள். மதகு வேலை செய்கிறதா என்பது மழைக்கு முன் போய் யார் சருகும் குப்பையும் வாரினார் என்பதில் இருக்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மதகின் வாயை எட்டிப் பார்த்துப் படம் எடுத்து, வட்டார அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எறிந்த மெத்தை அதில் இருந்தால் எனக்கும் ஒரு பிரதி.

‘அரசியல் மாணவன்’, குளுவாங்: பாதையைக் கொண்டுவந்தது யார்? ஆளாளுக்குத் தங்கள் கட்சி என்கிறார்கள்.

தாமதத்துக்கு உரிமை கோரியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எனவே மிச்சம் இருப்பதை அவர்களே பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

‘புது மாப்பிள்ளை’, பாலோ: பெண் ஜொகூர் பாரு, எனக்கு வேலை கோலாலம்பூர். ரயிலை நம்பிக் கல்யாணத்துக்குச் சரி சொல்லலாமா?

ரயிலை நம்பலாம், இப்போது இரட்டைப் பாதை. உம் மாமியார் ஊர் எந்த ஸ்டேசன் என்று விசாரித்துவிட்டீரா? அங்கே கோல்டு நிற்கிறதென்றால் யோசித்துச் செய்யும். பிளாட்டினம் மட்டும் என்றால் உடனே தாலி கட்டும்.

‘மாமாவுக்கு எதிரி’, கெம்பாஸ்: எல்லாம் தெரிந்த மாமாவே! பெக்கோக்கிலிருந்து அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?

உம் கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டது.